பவளத்துக்குத் தமிழ் தெரியாது

விற்க மனமில்லாத குதிரைக்கு வாங்க முடியாத விலை சொல்ல வேண்டும். குதிரை வியாபாரி துளசிராம் தன் மனைவி நாகமணிக்குக் கொடுத்திருந்த வாக்கு அது. பவளம் பிறந்த அன்றே தாயை இழந்த குட்டி. நாகமணி புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, தானே பழக்கியும் எடுத்தவள்.

பரவையிலிருந்து வந்த பாண்டிராஜ், துண்டுக்கடியில் துளசிராமின் விரல்களைத் தொட்டு அந்த வாங்க முடியாத விலையைத் தெரிந்துகொண்டார். மறுபேச்சில்லாமல் அழுத்திப் பிடித்து "சரிண்ணே" என்றார். கேட்ட விலை கைக்குள் வந்தபின் கையை உதறுகிற வியாபாரி மதுரையில் இன்னும் பிறக்கவில்லை. பவளம் வண்டி ஏறியது.

அன்றிலிருந்து நாகமணி புருஷனிடம் பேசவில்லை. கீழக்குயில்குடிப் பண்ணையில் சொல்ல வேண்டியதையெல்லாம் மற்ற குதிரைகளிடம் சொன்னாள்.

"மனுசங்களுக்குச் சோறு அடுப்படியில இருக்கு. யாபாரிங்களுக்கும் இருக்கு."

கிழட்டுப் பொலிகுதிரை காதை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. துளசிராம் அதற்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த வாரமே பாண்டிராஜ் போனில் வந்தார். "அண்ணே, குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீக. குதிரைக்குக் காது கேக்கல. வான்னா வரல, நில்லுன்னா நிக்கல. கூப்பிட்டுக் கூப்பிட்டு எம்பொண்டாட்டிக்குத் தொண்டை கட்டிப்போச்சு."

குறையிருந்தால் குதிரையைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று பேச்சு. நாகமணி லாயத்தில் புது வைக்கோல் பரப்பினாள். புருஷனுக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

பரவையில், தென்னைக்குள் போட்ட கொட்டகையில் பவளம் நின்றது. வெயில் படுகிற பக்கம் ஒரு நல்ல சேலை திரையாகத் தொங்கியது. குதிரைக்கு நேராக டேபிள் ஃபேன். பக்கத்தில் ஒரு கயிற்றுக்கட்டில்.

பாண்டிராஜின் மனைவி தமிழ்வாணிக்கும் நாகமணி வயதுதான் இருக்கும். குரல் கரகரத்தது.

"வாங்கக்கா. கோவிச்சுக்கிட்ட மாமியா மாதிரி திரும்பியே பாக்க மாட்டேங்குது. தனியா நிக்குதேன்னு நானும் இங்கனயே கட்டிலப் போட்டுட்டேன்."

"எனக்குச் சோறு போட இவளுக்கு நேரமில்லண்ணே," என்றார் பாண்டிராஜ்.

"எனக்கும் அப்படித்தான் மாப்ள."

"பவளம், வாடி தங்கம்," என்று தமிழ்வாணி கூப்பிட்டாள். நுனிகள் ஒன்றையொன்று தொடுகிற அதன் வளைந்த காதுகள் அவள் பக்கம் திரும்பின. கால் நகரவில்லை.

நாகமணிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. காது கேட்கிறது. ஆனால் பவளம் பிறந்ததிலிருந்து கேட்டதெல்லாம் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரம்தான். வா, நில், திரும்பு எல்லாமே அதில்தான் பழக்கம். விற்கும்போது அது யாருக்கும் தோன்றவில்லை.

துளசிராமுக்கும் விளங்கியது. ஆமாம், செவிடுதான் என்று நாகமணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், குதிரை வீட்டுக்கு வந்துவிடும். வாயால் பிழைக்கிற மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

நாகமணி பவளத்தின் பிடரியைத் தடவினாள். அது அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அவள் கண் மட்டும் கட்டிலையும் ஃபேனையும் திரைச்சேலையையும் சுற்றி வந்தது. கடைசியில் தமிழ்வாணியின் தொண்டையில் சுற்றியிருந்த துணியில் நின்றது.

"செவிடெல்லாம் இல்ல," என்றாள் மெதுவாக. "அதுக்குத் தமிழ் தெரியாது. எங்க பாஷையில 'ஆவ்'னு சொல்லுங்க. வான்னு அர்த்தம்."

"வெலை பேசும்போது இதச் சொல்லவே இல்லியேண்ணே!"

"நீங்க கேக்கவே இல்லியே மாப்ள!"

தமிழ்வாணி கூச்சத்தோடு, கட்டிப்போன தொண்டையால், "ஆவ்" என்றாள்.

பவளம் நாகமணியின் தோளிலிருந்து தலையை எடுத்தது. ஒரு நொடி யோசித்தது. பிறகு நடந்துபோய்த் தமிழ்வாணியின் கழுத்துத் துணியை மோந்து பார்த்தது. தமிழ்வாணி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பிடரி இருந்த இடத்தில் நாகமணியின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

திரும்பும் வழியில் துளசிராம் ஓரக்கண்ணால் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாகமணி அவர் முகத்துக்கு நேராகவே பேசினாள்.

"'நில்லு'க்கு என்னன்னு நான் இன்னும் சொல்லல. நாளைக்கும் என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

"ஒரேயடியா எல்லாத்தையும் சொல்லிக் குடுத்திருக்கலாமே?"

"எதுக்கு?" என்றாள் நாகமணி. "ஒரு தடவைக்கு ஒரு சொல்லுதான்."