தேதிக் கட்டம்

இளவேனிலின் கட்டிலுக்கு அடியில் ஆறு டிராயிங் ஷீட்டுகள் சுருட்டிக் கிடந்தன. ஆறிலும் பார்டர் இருந்தது. வலது மூலையில் அவள் பெயர், வகுப்பு, ஷீட் எண் எல்லாம் அச்சடித்ததுபோல் நேரான எழுத்தில் இருந்தன. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை.

பெயருக்குக் கீழே தேதிக்கென்று ஒரு சின்னக் கட்டம். இன்று முடித்தே தீருவது என்று முதலில் அன்றைய தேதியை எழுதிக்கொள்வாள். பிறகு பார்டரில் ஒரு கோடு மற்றதைவிடத் தடிப்பாகத் தெரியும். அதை அழித்துச் சரிசெய்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். மறுநாள் தேதி தப்பாகிப் போயிருக்கும். அழித்துவிட்டுப் புதுத் தேதி எழுதுவாள். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அழித்து அழித்து, முதல் ஷீட்டின் அந்தக் கட்டம் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிந்தது. டைரியில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி: 'நாளை காலை நான்கு மணி, ஷீட் ஒன்று.'

அக்டோபர் கடைசித் திங்கட்கிழமைக்குள் ஆறும் முடிந்தால்தான் டிப்ளமா பரீட்சை எழுத விடுவார்கள். போன வருடப் பரீட்சையும் இந்த ஆறு ஷீட்டில்தான் போயிற்று. இந்த முறையும் விட்டால் இடமே போய்விடும் என்று சிவாஜிநகர் மாலை வகுப்பில் சாந்தகுமாரி மேடம் சொல்லியிருந்தார். படம் தெரியாது என்பதில்லை. கோடு போட்டால் தப்பு வெளியே தெரிந்துவிடும். போடாதவரை எல்லாம் சரியாகவே இருந்தது.

பகலில் அவளுக்கு பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. லேத்தில் கடைந்து வரும் உருப்படிகளை அளந்து, சரியானதையும் கழித்ததையும் பிரித்து வைக்க வேண்டும். அங்கிருந்த எல்லோரும் அவளுக்கு அண்ணன்கள், லேத் ஓட்டும் அசோகனைத் தவிர. அவனை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அவள் தள்ளிப்போட்டே வந்தாள். 'இந்தாங்க', 'கேளுங்க' என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது.

சனிக்கிழமை அசோகன் தேய்ந்துபோன பழைய புஷ் வளையம் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான். அதேபோல் இருநூறு வேண்டுமாம். ஓனர் டிராயிங்கைப் பையில் போட்டுக்கொண்டு அத்திபெலே போய்விட்டாராம். அளந்து வரைந்து கொடுக்கச் சொன்னான். காகிதம் தேடினாள். அவன் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து நீட்டினான். நின்றபடியே அளந்து, நடுக்கோடு இழுத்து, இரண்டு பக்கமும் வரைந்து, அளவுகளைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதை அவள் வரைதல் என்றே நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை புஷ்களைச் சோதிக்க அவன் லேத்துக்குப் போனாள். டிரேயில் வரிசையாக இருநூறு. நாலைந்தை எடுத்து அளந்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அப்போதுதான் லேத்துக்கு மேலே கம்பியில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். எண்ணெய் விரல் தடங்களுக்கு நடுவே அவள் கையெழுத்து. பார்டர் இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை.

"இதப் பாத்துதானா எல்லாத்தையும் செஞ்சீங்க?"

"வேற இன்னா பாக்கறது? ஓனர் திரும்பி வந்து குடுத்த டிராயிங்ல நம்பரு எறும்பு மாதிரி கீது."

"நான் தப்பா போட்டிருந்தா?"

அசோகன் கைத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டான். "நீ எங்க போய்ட்ட? இங்கதானே கீற. வந்து கேட்டிருப்பேன். சரி பண்ணி குடுத்திருப்ப."

அவள் டிரே பக்கம் திரும்பினாள். மீதிப் புஷ்களை அளக்கும்போது ஒன்றை இரண்டு முறை அளந்தாள்.

புதன்கிழமை காலை நான்கு மணிக்கு முதல் ஷீட்டை விரித்து, சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தாள். தேதிக் கட்டத்தின் மேல் அவள் வைத்தது பெரிய டம்ளர். தாளின் நடுவில் ஒரு கோடு இழுத்தாள். கோடு கொஞ்சம் தடிப்பாகத்தான் விழுந்தது. அழிப்பானை எடுத்தாள், பிறகு அதைப் பாயில் படுத்திருந்த அம்மாவின் பக்கம் உருட்டிவிட்டாள். தூக்கத்திலிருந்த அம்மா அது என்னவோ என்று பயந்து எழுந்து உட்கார்ந்தாள். ஆறரைக்குப் படம் முடிந்தது. தேதி எழுத நேரமில்லாமல் பஸ்ஸுக்கு ஓடினாள். வகுப்பு முடிந்து வந்து எழுதினாள். தேதி தப்பாகியிருக்கவில்லை.

வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று, சனி ஒன்று. ஞாயிறு இரண்டு, இரண்டாவதில் எழுத்து கோணியது, அப்படியே விட்டாள்.

திங்கட்கிழமை மாலை மேடம் ஆறையும் மேஜையில் பரப்பினார். தேய்ந்த கட்டத்தைக் கட்டைவிரலால் தடவி, "இது என்ன, எலி கடிச்சுதா?" என்றார். நான்காவதில் ஓர் அளவு விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பென்சில் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டது. வியாழக்கிழமைக்குள் திருத்திக் கொண்டுவரச் சொல்லிவிட்டு மேடம் அடுத்த ஷீட்டைப் பார்த்தார். எல்லாம் பார்த்து முடித்து, பரீட்சை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். தப்பும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. வராந்தாவுக்கு வந்து இரண்டையும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நேரே லேத்துக்குப் போனாள். அவன் குனிந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அசோகன்," என்றாள்.

லேத் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் அங்கேயே நின்று, இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள்.