எமனை வென்றவருக்கு ஒரு ஸ்கேன்

பித்தப்பையை எடுத்துவிட்டு நோர்வூட் சந்தியில் த்ரீவீலரிலிருந்து இறங்கிய தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமியை, ‘எமனை வென்ற எங்கள் தலைவரே, வருக’ என்ற பதாகை வரவேற்றது. வென்றது சில கற்களைத்தான். கற்களை வென்றவருக்குப் பதாகை கட்டும் வழக்கம் தோட்டத்தில் இல்லை. சுகம் தந்த முனியாண்டிக்கு மாதக் கடைசி வெள்ளியில் கிடா வெட்டு என்று கோயில் மைக்கில் அவரே அறிவித்தார். தையல் இழுத்தது, குரல் தளரவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயமே துள்ளியது.

கிடா வெட்டுக்கு இரண்டு நாள் இருக்கையில் கிளினிக்கில் டாக்டர் சொன்னார்: எடுத்த பையைச் சோதித்ததில், குழாயை வெட்டிய ஓரத்தில் செல்கள் மாறியிருக்கின்றன.

"கேன்சர் இல்ல. விட்டா ஆகலாம். மிச்சக் குழாய் எப்படி இருக்குன்னு வெள்ளிக்கிழமை கண்டியில ஸ்கேன் எடுங்க. தேவைன்னா இன்னும் கொஞ்சம் வெட்டணும். அதுக்கப்புறமும் அடிக்கடி வந்து காட்டணும்."

பஸ்ஸில் செல்லசாமி ஜன்னலைப் பார்த்தே பேசினார். "வெள்ளிக்கெழம ஆகாது. சொகமாயிருச்சுன்னு ஊருக்கே சொல்லியாச்சு. இப்ப ஆகலன்னா முனியாண்டிக்கு என்ன மரியாத?"

"முனியாண்டிக்கா, ஒங்களுக்கா?" என்றாள் மனைவி அம்மாக்கண்ணு.

"பொறவு போவோம்."

"அந்த செல்லு ஒங்க சங்கத்துல சேரலைங்க. நீங்க சொன்னா நிக்காது."

மாலையில் அவளே கோயிலுக்கு ஏறி மைக்கைப் பிடித்தாள். "தலைவருக்கு இன்னும் நோய் வருத்தம் தீரல. கேன்சர் இல்ல, அது ஆகாமப் பாக்கத்தான் வெள்ளிக்கெழம கண்டிக்குப் போறோம். கிடா இன்னும் கொஞ்ச நாளு புல்லு திங்கட்டும்."

மானம் போனதென்று செல்லசாமி கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் லயத்துச் சனமெல்லாம் வாசலில் நின்றது.

"தலைவரே," என்றார் முன்னால் நின்ற லயத்து ஆண்டியப்பன், பணிவாக. "இப்புடி ஒரு வருத்தம் நம்ம தோட்டத்துல யாருக்குமே வந்ததில்லையாமே?"

கதவு திறந்தது.

"நோர்வூட் பக்கமே கெடையாது," என்றார் செல்லசாமி.

வெள்ளியன்று வேன் நிறைய ஆட்கள், பாட்டு, வடை. கண்டியில் மட்டும் அவரைத் தனியாக உள்ளே அழைத்தார்கள். மோதிரம், கைக்கடிகாரம், சால்வை எல்லாம் கழன்றன. இயந்திரத்தின் குகைக்குள் அவரைத் தள்ளினார்கள். காதருகே ஒரு பெண் குரல், "ஹுஸ்ம அல்லகன்ன," என்று சிங்களத்தில் மூச்சைப் பிடிக்கச் சொன்னது.

செல்லசாமி பிடித்தார். உள்ளே தடதடவென்று இடிக்கும் சத்தம் கதவைத் தாண்டி வெளியே கேட்டது. கதவோரம் நின்ற அம்மாக்கண்ணு, அவருடைய சால்வையை மார்போடு அணைத்தபடி, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

விடச் சொல்லி இன்னும் குரல் வரவில்லை.