மிதிப்பலகைக்கு வைத்த பொட்டு

“கால வைக்காம எப்படி மொதலாளி ஓட்டறது?”

“கை எதுக்கு இருக்குது? குனிஞ்சு கையால அழுத்து.”

“ஓட்டறவன் நின்னுக்கினு இருந்தாதான் அடி எங்க விழுதுன்னு தெரியும். குனிஞ்சா என் மூக்குதான் எனக்குத் தெரியும்.”

“உன் மூக்க யாரு இப்ப பார்க்கச் சொன்னது?”

கடைசியாகப் பேசியவர் கோதண்டபாணி, திண்டிவனத்துப் பட்டறை முதலாளி. மூக்குக்குச் சொந்தக்காரன் தேவசகாயம், விழுப்புரத்திலிருந்து அவர் வரவழைத்த சம்மட்டி ஓட்டி. இருவருக்கும் நடுவே கழுத்தில் சாமந்தி மாலையோடு, தாலி கட்ட மறுத்துவிட்ட மாப்பிள்ளையைப் போல நின்றிருந்தது அந்த இயந்திரச் சம்மட்டி.

ஆளைவிட உயரம். பக்கத்தில் மோட்டார். மோட்டார் பெல்ட்டைச் சுழற்றும், பெல்ட் சக்கரத்தைச் சுழற்றும், ஓட்டுகிறவன் அடியில் இருக்கும் இரும்புப் பலகையை மிதித்தால் மேலே தொங்கும் சம்மட்டித் தலை இறங்கி அடிக்கும். மெல்ல மிதித்தால் தட்டிக்கொடுக்கும். அழுத்தி மிதித்தால் நசுக்கிவிடும். அதன் புத்தி முழுவதும் மனிதனுடைய உள்ளங்காலில் இருந்தது.

சென்னையில் ஏதோ பழைய தொழிற்சாலையை உடைத்து விற்றபோது கோதண்டபாணி அதை வாங்கி லாரியில் கொண்டுவந்தார். சீமையில் ராஜாக்களுக்கு வாள் அடித்துக் கொடுத்த சம்மட்டி என்று அரிசி மண்டியில் சொன்னார். கப்பலுக்கு நங்கூரம் அடித்தது என்று ரயிலடியில் சொன்னார். கேட்பவர் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறதோ அவ்வளவு தூரத்திலிருந்து அது வந்தது. இனி விழுப்புரத்துக் கொல்லர்கள் வீட்டுக்கு அரிவாள்மணை வேண்டுமென்றாலும் தன்னிடம்தான் வரவேண்டும் என்பது எல்லா இடத்திலும் சொன்னது.

தேவசகாயமும் வாயில் குறைந்தவன் அல்ல. விழுப்புரம் ரயில்வே பட்டறையில் நீராவிச் சம்மட்டி ஓட்டியவன். சம்மட்டிக்கு அடியில் மல்லாட்டைக் கடலையை வைத்து, உள்ளே பருப்பு நசுங்காமல் மேலோட்டை மட்டும் உடைப்பேன் என்பான். அதைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். பார்த்தவர்கள் யாரும் அகப்படவில்லை. கோதண்டபாணி ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும், “திண்டிவனத்துல நான்தான் ஆம்மர் மேஸ்திரி” என்று பிளாட்பாரம் முழுக்கச் சொல்லிவிட்டு ரயில்வே வேலை வேண்டாமென்று எழுதிக்கொடுத்து வந்துவிட்டான். கூட இருந்தவர்கள் மாலை போட்டு ரயிலேற்றினார்கள். மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைத் திரும்பக் கேட்கும் வழக்கம் ரயில்வேயில் இல்லை. அவன் மனைவி சவுரியம்மாள் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டுப் பிள்ளைகளோடு திண்டிவனத்தில் தங்கை வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தாள்.

வந்த பிறகுதான் கோதண்டபாணி நிபந்தனையைச் சொன்னார். காணையிலிருந்து வேங்கடேசன் வருவார். அந்தப் பக்கத்துக் கரும்புக்காரர்களுக்கெல்லாம் வெட்டுக் கத்தி வாங்கிக் கொடுப்பவர் அவர். விஜயதசமியன்று அவர் கண்ணெதிரே ஒரு கத்தி அடித்துக் காட்டவேண்டும். ஆர்டர் வந்தால் தேவசகாயத்துக்கு வேலை. வராவிட்டால் கோதண்டபாணிக்கே வேலையில்லை.

இன்று விஜயதசமி. வேங்கடேசன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். உலையில் லாரி வில்லுப்பட்டை ஒன்று சிவந்துகொண்டிருந்தது. கொறடோடு விருத்தாசலம் ஆசாரி தயாராக நின்றார். எல்லாம் சரியாக இருந்தது, நேற்று கோதண்டபாணியின் மனைவி தையல்நாயகி ஆயுத பூஜை செய்ததைத் தவிர.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. சம்மட்டித் தலைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தாள். மோட்டாருக்கு வைத்தாள், பெல்ட்டுக்கு வைத்தாள், உலைக்கும் கொறடுக்கும் வைத்தாள். மூலையில் இருந்த துடைப்பத்துக்கு வைத்தாள். கடைசியில் குனிந்து மிதிப்பலகையின் நீளத்துக்கும் வரிசையாக வைத்து, சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டாள். அப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. காலையில் தேவசகாயம் வந்து வலது காலைத் தூக்கியபோதுதான், “டேய், அது சாமிடா,” என்று அலறினாள்.

“அதத் தொடச்சுட்டா போச்சுங்களே” என்றார் வேங்கடேசன்.

“தொடைக்கிறதா?” தையல்நாயகி கழுத்தில் கையை வைத்துக்கொண்டாள். “என் கையால வச்ச குங்குமத்த அழிக்கிறதா? இந்த மனுசன் எதிர்ல நின்னுக்கினு இருக்காரு. அண்ணன் வாயில வர்ற பேச்சா இது?”

கோதண்டபாணி தன் ஆயுளைப் பற்றிய பேச்சு என்பதால் மனைவி பக்கம் சேர்ந்தார். மேலே ஒரு கோணியைப் போட்டு மிதிக்கலாமா என்று ஆசாரி கேட்டார். சாமிக்குக் கோணி போர்த்தி மிதித்தால் சாமி இல்லையென்று ஆகிவிடுமா என்று தையல்நாயகி திருப்பிக் கேட்டாள்.

“ஆசாரி, நீங்க மிதிங்களேன். உங்க குலத்தொழில்தானே?” என்றார் கோதண்டபாணி.

“கத்தி மேல கால் பட்டாலே தொட்டுக் கண்ல ஒத்திக்கிறவன் நான். என்னை இழுக்காதீங்க.”

பட்டை பழுத்து மஞ்சளாகிவிட்டது. இன்னும் விட்டால் பொறி கக்கி வீணாகும் என்று ஆசாரி அதை வெளியே இழுத்தார். ஆறியது. மறுபடி உள்ளே வைத்தார். இரும்புக்குச் சாஸ்திரம் தெரியாது.

அப்போது வேங்கடேசன் வாயிலிருந்த பொரியை முழுங்கிவிட்டுச் சொன்னார்: “ஏங்க, இவன் வேதக்காரன்தானே? கோயிலுக்கா போறான்? சர்ச்சுக்குப் போறவனுக்கு இது வெறும் இரும்பு. அவன் மிதிச்சா என்ன பாவம்?”

பட்டறையில் எல்லோர் முகமும் மலர்ந்தது. இத்தனை எளிய வழி இவ்வளவு நேரம் யாருக்கும் தோன்றவில்லையே என்று கோதண்டபாணி தொடையில் தட்டிக்கொண்டார். தேவசகாயம் வேதக்காரனாக இருப்பது திண்டிவனத்துக்கு உபயோகப்பட்ட முதல் காலை அது. அவனும் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்கு மனதுக்குள் நன்றி சொல்லி, மோட்டாரை முடுக்கிவிட்டுக் காலை உயர்த்தினான்.

“நில்லு,” என்றாள் தையல்நாயகி.

கால் அந்தரத்தில் நின்றது. அவள் கணவனைத் தனியாக அழைக்கவில்லை. அழைக்கத் தேவை இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

“வேதக்காரன்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன் காலு எந்தத் தெருக் காலு? நாம மிதிக்கக்கூடாதுன்னு விட்டுட்டு, அவன மிதிக்க விடறதா? பேஜாரா இருக்குதுங்க நீங்க பண்றது.”

மலர்ந்த முகங்கள் மூடிக்கொண்டன. பாவக் கணக்கில் தேவசகாயம் கிறிஸ்தவன், காலைக் கீழே வைக்கும் கணக்கில் சேரிக்காரன். ஒரே உடம்பில் இரண்டு பேரும் இருந்ததால், அவன் காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டான்.

“சரி, நானே அழுத்தறேன்,” என்றார் கோதண்டபாணி.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மட்டியின் முன் மண்டியிட்டார். இரண்டு கைகளையும் பலகையின் மேல் பொத்தினாற்போல் வைத்தார். ராஜாக்களுக்கு வாள் அடித்த சம்மட்டி முதலாளியின் வழுக்கைத் தலையைக் கீழே குனிந்து பார்த்தது. ஆசாரி பழுத்த பட்டையைக் கொண்டுவந்து அடைகல்லின் மேல் பிடித்தார்.

“மெதுவா மொதலாளி,” என்றான் தேவசகாயம். “கொழந்தைய தட்டித் தூங்க வைக்கிறாப்புல.”

கோதண்டபாணிக்குக் குழந்தைகளைத் தூங்கவைத்த பழக்கம் கிடையாது. தொந்தியின் பாரம் முழுவதும் கைகளின் வழியே பலகையில் இறங்கியது. சம்மட்டி இடியாக இறங்கியது. ஓட்டில் ஒட்டியிருந்த பல்லிகள் விழுந்தன. பட்டை அப்பளமானது. கையை எடுக்க நினைத்தவர் எழுந்திருக்க முடியாமல் இன்னும் சாய்ந்தார். சம்மட்டி சாய்ந்ததற்கும் சேர்த்து அடித்தது. கொறடிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்த துண்டு, வேங்கடேசன் மடியை ஒரு சாணில் தப்பவிட்டுப் பொரித் தாம்பாளத்தில் போய் விழுந்தது. பொரி புகைந்தது.

தேவசகாயம் மோட்டாரை நிறுத்தினான். வேங்கடேசன் எழுந்து மேல்துண்டை உதறிக்கொண்டு வாசற்படிக்குப் போனார். செருப்பில் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றார்.

“கோதண்டபாணி, கோச்சுக்காதீங்க. கரும்பு எனக்காக நிக்காது. விழுப்புரத்துல நாலு பேரு சேந்து கையால அடிச்சாலும் கத்தி கத்தியா வருது. உங்களுது தோசையா வருது.”

“இன்னும் ஒரு பட்டை இருக்குதுங்க. ஒரே ஒரு சூடு. பார்த்துட்டுப் போங்க.”

“பாசஞ்சருக்கு நேரமாச்சு. ஜல்தி காட்டறதுன்னா காட்டுங்க.” இன்னொரு செருப்பை அவர் மாட்டிக்கொள்ளவில்லை.

கோதண்டபாணி மூச்சிறைக்கத் தேவசகாயத்திடம் வந்தார். முழங்கால் இரண்டிலும் கரி. “உனக்கு இந்த வேலை வேணுமா வேணாமா?”

“வேணும் மொதலாளி. பொண்டாட்டி புள்ளைங்க தாவாரத்துல கெடக்குது.”

“அப்ப வாய மூடிக்கினு மண்டி போடு. கையால அழுத்து. முடியாதுன்னா அடுத்த ரயிலு விழுப்புரத்துக்குத்தான் போகுது.”

“கையால அழுத்தினா எவன் அழுத்தினாலும் தோசைதான் மொதலாளி. எனக்கு வேலையும் போவும், உங்களுக்கு ஆர்டரும் போவும்.”

ஆசாரி இரண்டாவது பட்டையை உலைக்குள் தள்ளினார். தேவசகாயம் தண்ணீர்த் தொட்டியிடம் போனான். வலது காலை முழங்கால்வரை கழுவினான். விரலிடுக்கையும் விட்டுவைக்காமல் தேய்த்தான். கழுவிய கால் தரையில் படாமல் நொண்டியபடி திரும்பிவந்து, சம்மட்டியின் பக்கத்தில் கிடந்த முக்காலியின் மேல் அந்தக் காலைத் தூக்கி வைத்தான். உள்ளங்கால் தையல்நாயகியின் பக்கம் படாமல் நாகரிகமாகத் திருப்பிக்கொண்டான். உலையில் பட்டை சிவக்கத் தொடங்கியிருந்தது. வேங்கடேசன் ஒற்றைச் செருப்போடு எட்டிப் பார்த்தார்.

“அம்மா,” என்றான் தேவசகாயம். குரலில் மரியாதை குறையவில்லை. “பெல்ட்டுக்கு வச்சீங்க, தொடப்பத்துக்கு வச்சீங்க. எல்லாம் சாமியாயிடுச்சு. இதுவும் பட்டறைச் சாமான்தான். இரும்பு பழுக்கறதுக்குள்ள இந்தக் காலுக்கும் ஒரு பொட்டு வச்சுடுங்கம்மா.”