சுமையை இறக்கிவிட்டு வந்த காற்று

நிகனோர் தம் வெங்காய வயலை விற்பதற்குக் குறித்த நாளில்தான் மலையிலிருந்து இறங்கும் அனல்காற்றான சோண்டா வந்து சேர்ந்தது. எங்கள் பக்கம் ஆகஸ்ட் குளிர்காலம்; அந்தக் குளிர் விடியலிலேயே ஓடிப்போய், நண்பகலுக்குள் எங்கள் இக்லேசியா பள்ளத்தாக்கு சூளையாகக் கொதித்தது. சாட்சிக் கையெழுத்திடப் பக்கத்து வயல்காரனான என்னையும் அழைத்திருந்தார்கள். நகரத்து வியாபாரி அபெலார்தோ, வாயில் புகுந்த மண்ணைத் துப்பிக்கொண்டே பத்திரத்தை மேசைமேல் விரித்தார்.

எங்கள் பக்கம் மழையை நம்பி எவரும் விதைப்பதில்லை. ஆண்டிஸ் மலையில் விழும் பனி கோடையில் உருகி வந்தால்தான் வாய்க்காலில் நீர். மூன்று குளிர்காலமாகப் பனி பொய்த்துவிட்டது. இந்த ஆண்டும் அப்படியே போனால், நிகனோரும் அவர் மனைவி யூலோகியாவும் பிழைப்புக்காக நகரத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

"வந்தவனுக்கு ஒரு வாய் மாத்தே தேநீர்கூடக் கிடையாதா?" என்று வியாபாரி கேட்டார்.

"சோண்டா வீசும்போது அடுப்பு மூட்டமாட்டோம் ஐயா. ஒரு பொறி பறந்தா ஊரே எரிஞ்சுடும்," என்றார் யூலோகியா. "கையெழுத்தும் அப்படித்தான். காத்து ஓஞ்சப்புறம்தான்."

"ஏன், கையெழுத்து பறந்துடுமா?"

"கையெழுத்து நிக்கும். புத்திதான் பறந்துடும்."

அது எங்கள் ஊர் வழக்கம். அந்தக் காற்றில் போட்ட சண்டையையும் கொடுத்த வாக்கையும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

அப்போது கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து பறந்தது. "பாத்தியா கிழவி, போறப்ப தகரத்தையும் தூக்கிட்டுப் போறான் இந்தக் காத்துப் பாவி," என்று பொருமினார் நிகனோர்.

பொழுது போகவேண்டுமே என்று நான் அந்தக் காற்றைப் பற்றி ஒரு கதை சொன்னேன். மேற்குக் கடலிலிருந்து ஒருவன் ஈர மூட்டைகளைச் சுமந்து வருகிறான். மலையில் ஏற ஏறக் குளிர் நடுக்குகிறது. சுமக்கமாட்டாமல் உச்சியிலேயே மூட்டைகளை அவிழ்த்துப் பனியாகக் கொட்டிவிடுகிறான். வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறான். இறங்க இறங்க உடம்பு சூடேறுகிறது. நம் வாசலுக்கு வரும்போது அவனிடம் மிஞ்சியிருப்பவை காய்ச்சலும் தாகமும்தான்.

"போன வருசமும் வந்தான். மூட்டையில ஒண்ணையும் காணோமே," என்றார் நிகனோர்.

யூலோகியா சன்னலைச் சற்றே திறந்தார். "இந்தத் தடவை மூட்டை பெருசு கிழவா. முகட்டுல மேகம் சுவராட்டம் நிக்குது."

"சாத்து முதல்ல. அந்தச் சுவரைப் பாக்கப்போய் நம்ம சுவர் விழுந்துடப் போகுது."

மாலையில் காற்று சட்டென்று ஓய்ந்து, தெற்கிலிருந்து குளிர் புகுந்தது. வியாபாரியும் நானும் அங்கேயே தங்கினோம்.

காலையில் கதவைத் திறந்த நிகனோர் வாசலிலேயே நின்றுவிட்டார். முகடு முதல் அடிவாரம் வரை மலை முழுவதும் வெண்மை. அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு உள்ளே வந்து, பத்திரத்தைக் கையெழுத்திடாமலே மடித்து வியாபாரியிடம் கொடுத்தார்.

"நேத்தே உங்ககிட்ட கையெழுத்தை வாங்கியிருக்கணும்," என்று சிரித்தார் அபெலார்தோ. "சரி, இப்பவாச்சும் அடுப்பு எரியுமா?"

எரிந்தது. மாத்தேயின் முதல் வாயை நன்றிப் படையலாக மலையை நோக்கி மண்ணில் ஊற்றினார் நிகனோர்.

"மலைக்கு மட்டும் போதுமா?" என்றார் யூலோகியா. "சுமந்து வந்தவனுக்கு?"

முந்தைய நாள் முழுவதும் திட்டித் தீர்த்தவனுக்காக இன்னொரு வாய் ஊற்றிவிட்டு, நிகனோர் தம் கூரைத் தகரத்தைத் தேடி என் வயலுக்குள் நடந்தார்.