மூன்றாம் தூண்

"இந்த ஜெகதீஸ்வரி யாரு? லீவா?" என்று ரபீக்கா கேட்டாள்.

வெள்ளவத்தையில் புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த சின்ன அலுவலகம் அது. ரபீக்கா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"மூணாவது தூணைத் தொடவே ஏலாம ஈக்குது. தொட்டா, அது ஜெகதீஸ்வரிட கையில ஈக்குது, அவ திருப்பிக் குடுத்தாத்தான் மாத்தலாம் எண்டு வருது. வீட்ட போற நேரம் குடுத்துட்டுப் போகத் தெரியாதா அவவுக்கு? நம்பரைத் தாங்க, நானே எடுத்து நல்லா ரெண்டு செல்றேன்."

பக்கத்து மேசைக்காரர் இருமினார். எதிர் மேசையில் இருந்த சிவபாலன் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ என்ர மனுசி," என்றான். "மோசம் போயிட்டா."

செத்துப்போன அவன் மனைவியையா ஏசினோம் என்று ரபீக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்கள் பாலம் கட்டுகிறவர்கள். கட்டுவது கணினிக்குள். இப்போது கையில் இருந்தது வளைகுடா நாடொன்றின் பாலம். கடலைத் தாண்டி எங்கோ எழும்பப் போகிற அதை இங்கே ஒருவரும் கண்ணால் காணப்போவதில்லை. வெறும் கோடு கீறுகிற வேலையும் அல்ல அது. ஒவ்வொரு தூணுக்கும் தன் உயரம் தெரியும். தனக்குள் எவ்வளவு கம்பி, எவ்வளவு கொங்கிறீட் என்று தெரியும். ஒரு தூணை உயர்த்தினால் மேலே உள்ள உத்திரம் உயரும், அதன்மேல் வீதி உயரும், சீமெந்துக் கணக்கும் தானாக மாறும்.

பாலம் முழுவதும் அலுவலகத்தின் பொதுக் கணினியில் ஒரே கோப்பாக இருந்தது. அவரவர் அதன் பிரதியொன்றைத் தங்கள் கணினியில் வைத்து வேலை செய்து, செய்ததைப் பொதுக் கோப்புக்கு அனுப்புவார்கள். ஒருவர் ஒரு துண்டைத் தொட்டால் அது அவர் கைக்குப் போய்விடும். அவர் திருப்பிக் கொடுக்கும்வரை மற்றவர்கள் அதைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. வீட்டுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டே எழும்ப வேண்டும் என்பது முதலாளி அலவியின் கண்டிப்பு.

ஜெகதீஸ்வரி அதில் ஒருநாளும் தவறியவள் அல்ல. சில மாதங்களுக்கு முன், மூன்றாம் தூண் கையில் இருக்கும்போதே, ஒரு மத்தியானம் காய்ச்சல் என்று எழும்பினாள். பனடோல் போட்டுப் படுத்துவிட்டு, பின்னேரம் வந்து முடிப்பதாகச் சொன்னாள். வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. பாலத்தின் படம் எந்த வடிவிலும் அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. இந்த யுத்த காலத்தில் தமிழ்ப் பெண்ணின் கைப்பையில் பாலம் ஒன்று அகப்பட்டால், அது இந்த நாட்டுப் பாலமே அல்ல என்று சோதனைச் சாவடியில் யார், எந்தச் சிங்களத்தில் விளங்கப்படுத்துவது?

அவள் பின்னேரம் வரவில்லை. டெங்கு. கொட்டாஞ்சேனை அறையிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து கனத்தை மயானம். யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது. அவளுடைய தாயும் தகப்பனும் எல்லாவற்றையும் தொலைபேசியில்தான் கேட்டார்கள்.

மூன்றாம் தூண் அப்படியே நின்றது. சிவபாலனுக்கு அது தெரியும். பாலத்தைத் திறந்தால் திரையின் ஓரத்தில், யார் யார் கையில் துண்டுகள் இருக்கின்றன என்று பெயர்கள் வரும். காலையில் அவன் முதலில் வருவான். மற்றப் பெயர்கள் ஒன்றும் இராது. அவளுடைய பெயர் மட்டும் இருக்கும். மூன்றாம் தூணில் வேலை முடிந்துவிட்டதென்று அலவியிடம் சொல்லியிருந்தான். அவரும் கிண்டவில்லை. இப்போது வளைகுடாவிலிருந்து மாற்றம் வந்திருந்தது. எல்லாத் தூண்களையும் ஓரடி உயர்த்த வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

அலவி அவனைப் பின்பக்க பல்கனிக்குக் கூப்பிட்டார். கீழே ஓடிய சின்ன ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன.

"முடிஞ்சது எண்டு செல்லினீங்களே, சிவா."

"சொன்னனான்."

"முடியல்லையா?"

"இல்லை, அலவி நானா."

ரயில் ஒன்று கொள்ளுப்பிட்டிப் பக்கம் போனது. அது போய் முடியும்வரை அலவி பொறுத்தார்.

"எனக்கும் தெரியும். நானும் பேசாமத்தான் ஈந்தேன். ஆனா இனி ஏலாது. பொதுக் கோப்பை வெட்டி, என்ட பிரதியில ஈந்து புதுசா ஒண்டு ஆக்கினா சரி, அஞ்சு நிமிச வேலை. ஒருத்தர்ட கையிலயும் ஒண்டும் ஈக்காது. அப்படி வெட்டினா, ஜெகதீஸ்வரி கடைசியாச் செஞ்சது இதுக்குள்ள வராது. அது இன்னும் அவங்கட கொம்பியூட்டர்லதானே ஈக்குது."

"தெரியும்."

"பகல் சாப்பாட்டுக்கு முந்தி நீங்களே எடுத்துக் குடுங்க. இல்லாட்டி நான் வெட்டுறேன். கோவிக்க வாணாம்."

"அதுக்கு அவட கொம்பியூட்டரில, அவட பேரில நான் போய் இருக்க வேணும்."

"ஓம்," என்றார் அலவி. "வேற யாரு இரிக்கிற?"

அவளுடைய கணினி ஜன்னலோரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அங்கே யாரும் உட்காருவதில்லை. அவன் உறையைக் கழற்றும்போது ரபீக்கா பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, எனக்குத் தெரியாது. அல்லாவே, நான் என்னவெல்லாம் கேட்டுட்டேன். இந்த வாயைத் தைக்கணும் எண்டு உம்மா சும்மா செல்றதில்ல."

"பரவாயில்லை. தூண் உங்களுக்கு எப்ப வேணும்?"

"நீங்க தாற நேரம் தாங்க."

கணினி மெதுவாக உயிர் பெற்று, யார் என்று கேட்டது. அவன் அவளுடைய பெயரை அடித்தான். சரி என்று உள்ளே விட்டது. அடையாள அட்டை கேட்கவில்லை, பொலிஸ் பதிவுத் துண்டு கேட்கவில்லை, எங்கே பிறந்தாய், ஏன் கொழும்புக்கு வந்தாய் என்று கேட்கவில்லை. இந்த நகரத்தில் ஒரு தமிழ்ப் பெயரை இவ்வளவு லேசாக ஏற்றுக்கொண்ட இடம் வேறு இல்லை.

அவள் விட்ட இடத்திலேயே பாலம் நின்றது. தூணின் தலைக்குக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உத்திரங்கள் வந்து உட்காருவதற்கு அங்கே நான்கு சிறிய பீடங்கள் வைக்க வேண்டும். அவள் மூன்று வைத்திருந்தாள். முதல் இரண்டும் அச்சுப் பிசகாமல் இருந்தன. மூன்றாவது அந்தரத்தில் தொங்கியது. தூணுக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு வெறும் வெளி.

அவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். உயரத்தில் ஓர் இலக்கத்தை மாறி அடித்திருக்கிறாள். மற்றவர்களின் பிழைகளைத் தேடிப் பிடித்துச் சிரிக்கிறவள். காய்ச்சல் எவ்வளவு என்று அன்று அவன் கேட்டபோது, "லேசாத்தான்" என்றாள். லேசான காய்ச்சல் அல்ல அது. கண் எரிய எரிய இருந்து வேலை செய்திருக்கிறாள்.

அதை அப்படியே அனுப்ப முடியாது. ஆகாயத்தில் பீடம் நின்றால் படத்தை வாங்குகிறவன் கேள்வி கேட்பான். ஆனால் அவன் உடனே கை வைக்கவில்லை. பின்னால் மற்றவர்கள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த இலக்கத்தை மாற்றினான். பீடம் இறங்கி வந்து தூணில் உட்கார்ந்தது.

நான்காவதின் இடம் காலியாக இருந்தது. அவளுடைய பெயரில் அதையும் வைத்துவிடலாம். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. சுட்டியை அந்த இடத்துக்குக் கொண்டுபோனான். வைத்தால், அவள் செய்யாத ஒன்றை அவள் செய்ததாக ஆகும். கையை எடுத்தான்.

செய்ததைப் பொதுக் கோப்புக்கு அனுப்பினான். நிறைய நேரம் எடுத்தது. அவள் இல்லாத மாதங்களில் மற்றவர்கள் கட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவளுடைய தூணைச் சுற்றிச் சேர்ந்தன. பாலம் இரு பக்கமும் நீண்டது. கடைசியில், கையில் இருப்பவற்றைத் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டது.

அலவி கதவடியில் வந்து நின்றார்.

சிவபாலன் ஓம் என்று கொடுத்தான். திரையோரத்தில் அவளுடைய பெயர் இல்லாமல் போனது. சத்தம் ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் ரபீக்காவின் பெயர் வந்தது. அவள் செய்து அனுப்பியது வந்து சேர, தூண் அவன் கண் முன்னாலேயே ஓரடி உயர்ந்தது. மூன்று பீடங்களும் அதனோடு சேர்ந்து உயர்ந்தன.

"அண்ணா," என்றாள் ரபீக்கா தன் மேசையிலிருந்து. குரல் தாழ்ந்திருந்தது. "இதில நாலாவது இல்லையே?"

"இல்லை. அதை நீங்கள் வையுங்கோ."

"என்ட பேரிலயா?"

"உங்கட பேரிலதான்."

அவள் வைத்ததை அவன் பார்க்கவில்லை. பாலத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தான். யார் என்று கேட்டது. தன் பெயரை அடித்தான். விரல் தவறி எழுத்து மாறிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி அடித்தான். பிறகு நான்காம் தூணை எடுத்தான். அதையும் ஓரடி உயர்த்த வேண்டியிருந்தது.