தண்ணி என்றால் எந்தத் தண்ணி

என் வீட்டுக்காரர் சாலமன் டீசல் மெக்கானிக். ரோட்டில் போகிற டிராக்டரின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். எதிரே நின்று பேசுகிற மனுஷியின் சத்தம் மட்டும் அவர் காதில் ஏறாது. கல்யாணமான நாளிலிருந்து நானும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்கு ஒரு ஆயில் இன்ஜின் இருக்கிறது. எனக்கு என்றுதான் சொல்கிறேன், எங்களுக்கு என்று சொல்லவில்லை. அப்பா வீட்டு மனையை விற்றபோது என் பங்குக்கு வந்ததில் வாங்கியது. குத்தகைக்கு எடுத்திருக்கும் உப்பளத்துக்கு அதுதான் கால்வாயிலிருந்து தண்ணீர் ஏற்றுகிறது. சித்திரை வெயிலில் அது சில நாள் நின்றால் போதும், பாத்தியில் இருக்கும் தண்ணீர் சுண்டிச் சுண்டி உப்பு கசந்துவிடும். கசந்த உப்பைக் கருவாடு போடுகிறவன்கூட வாங்கமாட்டான். அந்த வருஷத்துப் பாடு அவ்வளவுதான். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயோடீசல் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். டீசல் மெக்கானிக்குகளும் பம்பு வைத்திருப்பவர்களும் வரலாம் என்று போர்டு கட்டியிருந்தது. மெக்கானிக்குகள் பிரியாணிக்கு வந்தார்கள். நான் என் இன்ஜினுக்காகப் போனேன். மண்டபம் முழுக்க ஆம்பளைகள், நான் ஒருத்திதான் பொம்பளை. அதனால் பாடம் எடுக்க வந்ததும் ஒரு பெண் என்றதும் எனக்கு ஒரு திருப்தி. கோயம்புத்தூர்க்காரப் பெண், பெயர் விஜயலட்சுமி. ஒரு பாட்டிலில் வடை சுட்ட கறுப்பு எண்ணெயும் இன்னொன்றில் தேன் நிறத்தில் ஏதோ ஒன்றும் வைத்திருந்தாள்.

"இதுல இருந்து இது வருதுங்க. டீசல் இன்ஜின்ல எதையும் மாத்தாம ஊத்தலாம்" என்றாள்.

என் வீட்டுக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "வடை எண்ணெயில இன்ஜின் ஓடும்னா, எங்க வூட்டு ரசத்தை ஊத்தியே நான் மெட்ராஸ் போயிடுவேனே மேடம்."

மண்டபம் சிரித்தது. என் ரசத்துக்கு அப்படி ஒரு விளம்பரம்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "எண்ணெயை நேரா ஊத்துனா ஓடாதுங்கண்ணா. கெட்டியா இருக்கும், டீசலைப் பீச்சற நாசில்ல கரி புடிச்சுக்கும். அதனாலதான் மாத்தறோம்" என்று பொறுமையாகச் சொன்னாள். எண்ணெயைச் சூடாக்கி, காஸ்டிக் சோடாவை மெத்தனாலில் கரைத்து அதில் கலக்க வேண்டும். ஆறவிட்டால் கிளிசரின் பாகு மாதிரி அடியில் தங்கும். மேலே நிற்பதுதான் பயோடீசல்.

மெத்தனால் என்றதும் சிரிப்பு நின்றது. முன்வரிசையில் எக்கியார்குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த ஊரில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் செத்த பிறகு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விஜயலட்சுமியும் அதைத் தெரிந்துதான் வந்திருந்தாள். குரலை இறக்கி, "இதை வாட்டர் பாட்டில்ல ஊத்தி வெக்கவே கூடாதுங்க. டின்ல பேரு எழுதி, பூட்டி வெக்கோணும். கையில உறை போடாமத் தொடக் கூடாது" என்றாள். பிறகு மேலே போனாள். "கிளிசரினை எடுத்துட்டு, மேல நிக்கறதைத் தண்ணியில கழுவோணுமுங்க. மெதுவா. வேகமா கலக்குனா சோப்பு நுரை கட்டிக்கும். கழுவுன தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவி, அப்புறம் ஈரம் போகக் காய வெக்கோணும்."

"தண்ணின்னா குவாட்டரா ஆஃபா மேடம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

எக்கியார்குப்பத்து ஆட்கள் சிரிக்கவில்லை. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. சாவு விழுந்த ஊர்க்காரர்களை எதிரில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது? அந்தப் பெண்ணும் பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். அவர் கேட்ட கேள்வியில் பாதி சரியான கேள்வி என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தவை பல. புகை குறையும். இன்ஜினுக்கு டீசல் அனுப்புகிற பம்புக்கு உள்ளே வழவழப்பு கிடைக்கும், தேய்மானம் குறையும். சட்டென்று தீப்பற்றாது. முதல் தடவை ஊற்றும்போது டேங்கில் பல வருஷமாகப் படிந்த அழுக்கை எல்லாம் கிளப்பிக்கொண்டு வரும், அதனால் சீக்கிரமே ஃபில்டரை மாற்ற வேண்டும். பழைய ரப்பர் ஓஸ் ஊறி உப்பிவிடும், அதையும் மாற்ற வேண்டும். பக்கத்து ஷெட்டு மெக்கானிக் கலையரசன் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். "பரீட்சைக்குப் படிக்கிறியாடா?" என்று என் வீட்டுக்காரர் அவனை நக்கலடித்தார்.

கடைசியில் பஞ்சநாதன் எழுந்தார். எங்கள் பக்கத்தில் பெரிய உப்பளம் அவருடையதுதான். பாத்தியில் டீசல் ஒழுகி, உப்பில் நாற்றம் அடிக்கிறது என்று அவருடைய லோடு ஒன்று திரும்பி வந்திருந்தது. "இதை உப்பளத்துல ஒரு பம்புல யாரு ஓட்டிக் காட்டுறாங்களோ, என் பம்பு அத்தனைக்கும் அவங்கதான் மெக்கானிக்" என்றார்.

அவ்வளவுதான். வடை எண்ணெயைக் கேலி பண்ணிய வாய் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பயோடீசல் மகிமை பாடியது. எனக்கே பாடம் எடுத்தார். நானும் அதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"உன் இன்ஜின்லதான் ஓட்டிக் காட்டப் போறேன்" என்றார்.

"ஏங்க, உங்க ஷெட்டுல இல்லாத இன்ஜினா?"

"அதெல்லாம் கஸ்டமரோடதுடி. ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

இந்தப் பதிலைக் கேட்ட அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் எனக்கும் ஆசை இருந்தது. அந்தப் புகையில் தினமும் தலைவலியோடு நிற்பவள் நான்தான். சரி என்றேன்.

டிரம்மை எல்லாம் உப்பளத்துக்கே கொண்டுவந்து இன்ஜின் கொட்டகைக்குப் பக்கத்தில் காய்ச்சினார். நான் தள்ளி உப்பு வாரிக்கொண்டிருந்தேன். கிட்டப் போனால், "பொம்பளைங்க வேலை இல்ல இது" என்று விரட்டினார். எண்ணெயைக் காய்ச்சுவதும் கலக்குவதும் கழுவுவதும் காயவைப்பதும் எந்த ஊரில் ஆம்பளை வேலை என்று நான் கேட்கவில்லை. வந்த சரக்கு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டேங்கில் ஊற்றி ஓட்டினார். புகை இல்லை. காற்றில் வடை வாசனை. இன்ஜின் சத்தம்கூடக் கொஞ்சம் சாதுவாகிவிட்டது. நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போனோம். திங்கட்கிழமை காலையில் பஞ்சநாதனை வரச் சொல்லியிருந்தார்.

பஞ்சநாதன் வந்தார், விஜயலட்சுமி வந்தாள், கலையரசனும் வேடிக்கை பார்க்க வந்தான். என் வீட்டுக்காரர் புதுச் சட்டையில் ஹேண்டில் போட்டார். பல தடவை சுற்றிய பிறகு இன்ஜின் பிடித்தது. கொஞ்ச நேரம் திக்கித் திக்கி ஓடியது. பிறகு இருமிக்கொண்டு நின்றது. மறுபடி சுற்றினார், பிடிக்கவில்லை. நாசிலைக் கழற்றினார், டீசல் பம்பைப் பிரித்தார். உள்ளே மேலும் கீழும் போக வேண்டிய பிளஞ்சர் துருப்பிடித்து அப்படியே இறுகிப்போயிருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் அன்னிக்கே சொன்னேன்ங்க ஐயா. இந்த வடை எண்ணெய் எல்லாம் டுபாக்கூரு. கிளாஸ்ல கேக்க நல்லாருக்கும்" என்றார்.

விஜயலட்சுமிக்கு முகம் வாடிவிட்டது. மண்டி போட்டு உட்கார்ந்து ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தாள். அடியில் தண்ணீர் நின்றது. "காய வெச்சீங்களாண்ணா?"

"வெச்சேம்மா. நீ சொன்ன மாதிரியே கழுவி, காய வெச்சேன். நான் ஒண்ணும் கத்துக்குட்டி இல்ல."

எனக்குள் ஏதோ இடித்தது. கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, சூடாக இருந்த சைலன்சர் மேல் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டேன். சுர்ரென்று காய்ந்தது. காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்தது. அங்கே நின்றவர்கள் எல்லாரும் உப்பில் வளர்ந்தவர்கள், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்திதான் புரியாமல் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"எந்தத் தண்ணியில கழுவுனீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணியிலதான்" என்று கால்வாயைக் காட்டினார். "அந்தப் பொண்ணு தண்ணின்னுதானே சொல்லிச்சு?"

உப்பளத்தில் தண்ணி என்றால் உப்புத்தண்ணி. பாத்திக்குத் தண்ணி விடு, தண்ணி முத்திப்போச்சு, தண்ணி ஏற்று, எல்லாம் அதுதான். குடிக்கிறது நல்ல தண்ணி. நல்ல என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் கால்வாய்க்குத்தான் போவார்கள். பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்காத மனுஷன், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு பெண் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறார். அதுவும் என் இன்ஜின் தலையில்.

விஜயலட்சுமிக்கு இப்போதுதான் விளங்கியது. எழுந்து பஞ்சநாதனிடம், "நான் தண்ணின்னுதாங்க சொன்னேன். நல்ல தண்ணின்னு சொல்லலீங்க. உப்பளத்துல வந்து பாடம் எடுக்கறவ அதைச் சொல்லியிருக்கோணும். தப்பு என்னுதுங்க" என்றாள்.

அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உப்புக்கை பட்டால் நாசில் கெடும் என்று ஊரெல்லாம் திட்டித் தீர்ப்பவர் அவர். கையைக் கழுவாமல் ஸ்பேனரைத் தொட்டதற்காக என்னையே திட்டியிருக்கிறார். கொட்டகையில் நல்ல தண்ணிக் குடம் அவர் காலடியில்தான் இருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எனக்கும் தோணியிருக்கணும் என்று ஒரு வார்த்தை.

"கேட்டீங்களா ஐயா, அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சு" என்றார்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. பஞ்சநாதன் தலையை ஆட்டினார். "இந்த எண்ணெய் வம்பே வேணாம் சாலமன். பழையபடி டீசலே ஊத்தலாம். ஒழுகாத மாதிரி பாத்துக்க. தப்பு உன்னுது இல்லையே, நாளையிலேர்ந்து என் பம்பைப் பாரு." விஜயலட்சுமி தன் பாட்டில்களை எடுத்துப் பையில் வைத்தாள். நான் அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். கலையரசனும் கிளம்பிப் போனான்.

எல்லாரும் போன பிறகு, "என் இன்ஜினை எப்ப சரி பண்றீங்க?" என்று கேட்டேன்.

"பஞ்சநாதன் ஐயா பம்பு எல்லாம் முடியட்டும்டி. பெரிய இடம். உன்னுது எங்க ஓடிப்போவுது, வூட்டு இன்ஜின்தானே?"

வூட்டு இன்ஜின். கெடுக்கும்போதும் அதுதான் வீட்டு இன்ஜின், சரி செய்யும்போதும் அதுதான் வீட்டு இன்ஜின். மறுநாளும் அதற்கு மறுநாளும் பாத்தியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இன்னும் கசப்பு வரவில்லை, வரப்போகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதுவிட்டு விஜயலட்சுமிக்குப் போன் போட்டேன்.

"மிச்சம் இருக்கற எண்ணெயை வீணாக்காதீங்கக்கா. நல்ல தண்ணியில திரும்பத் திரும்பக் கழுவுங்க. அந்தத் தண்ணியைக் காய வெச்சுப் பாருங்க, உப்பு பூக்கக் கூடாது. அப்புறம் எண்ணெயை நல்லாக் காய வெச்சுடுங்க. டேங்கையும் கழுவோணும். பம்புக்கு உள்ள இறுகிப்போன அந்தப் பிளஞ்சர் எலிமென்ட்டும் நாசிலும் புதுசுதான் போடோணும்" என்றாள். பிறகு, "என்னால உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள். தப்பு செய்தவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், அந்த வார்த்தை எனக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தது.

குடி தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து கழுவினேன். பக்கத்துப் பாத்தி வேலம்மாளும் வந்து கை கொடுத்தாள். பிறகு குட்டியானை வண்டி ஒன்றைப் பேசி வரச்சொல்லி, நாலு பேராகச் சேர்ந்து இன்ஜினைத் தூக்கி ஏற்றினோம். எண்ணெய் கேனையும் ஏற்றி, நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்த ஷெட்டுக்குக்கா?" என்றான் டிரைவர்.

"கலையரசன் ஷெட்டுக்கு. மெயின் ரோட்டு வழியாவே போ. மெதுவாப் போ."

மெயின் ரோட்டில் போனால் முதலில் வருவது சாலமன் டீசல் வொர்க்ஸ். பஞ்சநாதனின் பம்பு ஒன்று பிரித்துக் கிடந்தது. பஞ்சநாதனே நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியில் என்னையும் இன்ஜினையும் பார்த்த என் வீட்டுக்காரர் ஸ்பேனரோடு ரோட்டுக்கே வந்துவிட்டார். டிரைவர் பயந்து வண்டியை நிறுத்திவிட்டான்.

"எங்கடி எடுத்துட்டுப் போற?"

டீக்கடையில் நின்ற ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சநாதனும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"மெக்கானிக்கிட்ட" என்றேன்.

டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.