எழுதியவர் என்ற காலி இடம்

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற அவளுக்குக் குழுவில் வைத்த பேர் பிழைக்காரி. கணினிக்குத் தமிழ் எழுத்துப்பிழை திருத்தி செய்கிற தன்னார்வலர் குழு அது. தலைவர் அவள் அக்கா புருஷன். மூன்று வருஷமாகச் சாப்பாட்டு இடைவேளைகளைப் பலிகொடுத்து அவள் சேர்த்த நாற்பதாயிரம் சொற்கள் போன மாதம் வெளிவந்தன. 'தொகுத்தவர்' என்று அத்தான் பெயர் மட்டும். கேட்டதற்கு, இருபது பேர் முன்னால், "தட்டினவங்க பேரெல்லாம் போட்டா இடம் பத்துமா?" என்று சிரித்தார். எல்லாரும் கூடச் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது.

அப்படி எரிந்துகொண்டிருந்தவளிடம் மனுஷன் தானாக வந்து மாட்டினார். நடத்தை விதிகள் இல்லாத குழுவுக்குக் கூட்ட அறை கிடையாது என்று நூலகத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடேன். உனக்கும் பொழுது போகும்ல?"

"ஆகட்டும் அத்தான்," என்றாள், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் போல.

குழுவின் பொதுப் பக்கத்தில் ஐந்தே விதிகள் தட்டினாள். யாரையும் ஏளனம் செய்யக்கூடாது, பேசுகிறவரை மறிக்கக்கூடாது என்று சாதுவாகத் தொடங்கி நான்காவதில் வேட்டு வைத்தாள்: அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்பவர் அன்றே குழுவை விட்டு விலக வேண்டும். ஐந்தாவது, தலைவருக்கும் இதே சட்டம். அடியில் 'எழுதியவர்' என்று மட்டும் அடித்து, பக்கத்தில் வேண்டுமென்றே காலியாக விட்டாள். காலி இடத்தைக் கண்டால் அந்த ஆளுக்குக் கை சும்மா இருக்காது.

இருக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் திரை முழுக்க விதிகள். அடியில் அவர் பெயர். அவரே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். "நாலாவதை எழுதத்தான் ரொம்ப யோசிச்சேன்," என்று வேறு சொன்னார், பாவி! எல்லாரும் கைதூக்கி ஏற்றுக்கொண்டார்கள். கடைசிக் கை இறங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"யாரை நெனச்சு எழுதினீங்க அத்தான்?"

"பொதுவா எழுதினதும்மா."

அவள் எழுந்து போய், யார் எதைத் தட்டினார்கள் என்று காட்டும் பொத்தானை அழுத்தினாள். ஐந்து விதிகளுக்கும் நேரே அவள் பெயர். அவர் தட்டியது ஒன்றே ஒன்று, தன் பெயர். அடுத்து, யாரும் கேட்காமலே, நாற்பதாயிரம் சொற்களின் பதிவையும் திறந்தாள். போன மாதம் சிரித்தவர்கள் கழுத்தை நீட்டி, அதிலும் வரிக்கு வரி அவள் பெயரைப் படித்தார்கள்.

"குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்திருக்கலாமே," என்றார், வேர்த்துக்கொட்டி.

"நீங்க இருபது பேர் முன்னாடி சிரிச்சீங்க. நான் அதே இருபது பேர் முன்னாடி கேக்கறேன். எந்திரிங்க."

அவர் எழுந்தார். வாசல் தாண்டும்போது, "உங்க அக்காகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று முனகினார்.

"அதையாவது சொந்தமா யோசிச்சுச் சொல்லுங்க."

கதவு சாத்தியதும் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். சொற்பட்டியலின் முகப்பிலிருந்து அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, ருசித்து ருசித்து அழித்தாள்.